ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஷா ஆலமுக்குத் தினமும் பாதுகாவலர் வேலைக்குப் போய் வருபவர் என் மாமா. அவரிடம் இருப்பது 155சிசி ஸ்கூட்டர். தீபாவளிக்கு முந்திய வாரம் முன் டயரை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியபோது, மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் எரிந்தது. அதற்குள் ஏபிஎஸ் என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. மறுநாளும் அணையவில்லை.

வேறொரு பட்டறையில் காட்டினார். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஏபிஎஸ் பம்ப் போச்சு, 1,800 ரிங்கிட் ஆகும். வேணாம்னா அப்படியே ஓட்டுங்க, பிரேக் பிடிக்கும்" என்றார்களாம். அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். மாமா கறுப்பு டேப் ஒரு துண்டு வெட்டி அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். நான் கேட்டதற்கு, "லைட்டுதானே எரியுது, பிரேக் பிடிக்குதே" என்றார்.

ஆறு வாரம் கழித்து, மழை விட்டு ஈரம் காயாத ஒரு மாலையில், சந்திப்பில் லோரி ஒன்று குறுக்கே வர, மாமா பழக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்ததோடு போயிற்று. பின்னால் கார் எதுவும் வரவில்லை.

வண்டியை மூன்றாவதாக ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்த தவுக்கே முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து ஒரு நிமிடம் பார்த்தார். டயர் மாற்றியபோது கழற்றிய சென்சரைச் சரியாக முடுக்கவில்லை. அதன் நுனியில் இரும்புத் தூள் அப்பிக் கிடந்தது. துடைத்து, முடுக்கி, வயரைப் பழைய இடத்தில் செருகினார். வாங்கியது 25 ரிங்கிட். பம்புக்கு எந்தக் கோளாறும் இல்லை.

நம் ஊர்களில் இப்போது இந்த விளக்கு பலருடைய மீட்டரிலும் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 150சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட புதிய மாடல் மோட்டார் சைக்கிள்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் எனப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்திருந்தார். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதால் வந்த விதி இது. ஆனால் அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதை வண்டி விற்கும் கடையில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கையேடு இருக்கைக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

விளக்கு என்ன சொல்கிறது?

பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் சுற்றினால்தான் ஹேண்டல் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொடுத்து, மறுபடி தளர்த்தி, ஒரு விநாடிக்குள் பல முறை இப்படிச் செய்வதுதான் ஏபிஎஸ். தமிழில் சொல்வதென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் முறை. கார்களில் வந்த இந்த ஏற்பாட்டை 1988-இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வகை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தது. அது கப்சாய்க்குப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்வரை இறங்கி வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், பல் அல்லது துளை வரிசையுள்ள ஒரு வளையம். அந்த வளையத்தை உரசாமல், மிக அருகே நின்று பல்லை எண்ணும் சென்சர். எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யும் கணினிப் பெட்டி. பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப். பெட்டியும் பம்பும் பெரும்பாலும் ஒரே கட்டியாக இருக்கும். விலை கூடிய பொருள் அதுதான். சென்சரும் வளையமும்தான் சேற்றுக்கும் மழைக்கும் நடுவே நிற்பவை. அவைதான் அடிக்கடி தொல்லை தருபவை.

(சென்சருக்கு 'உணரி' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. தமிழ் படித்தவன் என்ற முறையில் அதையே எழுதத்தான் ஆசை. ஆனால் பட்டறையில் போய் "உணரியைப் பாருங்கண்ணே" என்றால் என்னைத்தான் பார்ப்பார்கள்.)

விளக்கு அணையாமல் எரிந்தால் அதன் பொருள், கணினிப் பெட்டி ஏதோ ஒரு குறையைக் கண்டு ஏபிஎஸ்-ஐ நிறுத்தி வைத்துவிட்டது என்பதே. சாதாரண பிரேக் வேலை செய்யும். அதனால்தான் "பிரேக் பிடிக்குதே" என்று மாமா சொன்னது பொய்யில்லை. அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது காப்பாற்ற ஆள் இல்லை என்பதுதான் விஷயம்.

கோளாறே இல்லாமல் எரியும் நேரங்கள்

சாவியைத் திறந்ததும் விளக்கு எரிய வேண்டும். அது நல்ல அறிகுறி. ஹோண்டா, யமஹா வண்டிகளில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டரைத் தொட்டதும் அணையும். பிஎம்டபிள்யூ போன்ற சிலவற்றில் வண்டி நகரும்வரை மின்னிக்கொண்டே இருக்கும். ஆக, நிற்கும் வண்டியில் விளக்கு எரிகிறதே என்று பதற வேண்டாம். சாவி திறந்தும் எரியவே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்கவும். பழுதை மறைக்க விளக்கையே கழற்றிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டால் விளக்கு எரியலாம். பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. கணினிப் பெட்டிக்கு இது புரியாத கணக்கு. காலையில் வண்டியைச் சூடாக்கும் பழக்கமுள்ள அண்ணன்மார் பலருக்கு இதுதான் நடக்கிறது. சாவியை அடைத்து மறுபடி திறந்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஹோண்டா வண்டிகளில் 30 கிலோமீட்டர் வேகம்வரை போனால்தான் அணையும். முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் தம்பிகளுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு, இங்கே வேண்டாம்.

பெரிய அட்வெஞ்சர் வகை வண்டிகள் சிலவற்றில் ஏபிஎஸ்-ஐ அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கும். கை தவறிப் பட்டிருந்தாலும் விளக்கு எரியும்.

பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி அதிர்ந்தால் அது பழுது அல்ல, ஏபிஎஸ் வேலை செய்வதுதான். அதிர்ச்சியில் பிடியை விட்டுவிடாதீர்கள்.

சிபிஎஸ் என்று சில ஹோண்டா ஸ்கூட்டர்களில் எழுதியிருக்கும். ஒரு கைப்பிடியைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்பது அது. அதற்கும் ஏபிஎஸ்-க்கும் தொடர்பில்லை.

கடைசியாக வண்டியில் யார் கை வைத்தது?

சாதாரணமாக ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றால், எந்தக் கருவியும் எடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். டயர் மாற்றினீர்களா? டிஸ்க், பேட் மாற்றினீர்களா? ரிம் மாற்றினீர்களா? அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் கடையில் கழுவினீர்களா? பேட்டரி மாற்றினீர்களா? ஃபோன் சார்ஜ் போட, கூடுதல் விளக்கு எரிய வயர் இழுத்தீர்களா? பள்ளத்தில் விழுந்தீர்களா? விளக்கு எரியத் தொடங்கிய நாளும் இவற்றில் ஒன்று நடந்த நாளும் ஒட்டி வந்தால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாமாவின் வண்டியில் டயர் மாற்றியதைப் பற்றி அந்த இரண்டாவது பட்டறை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மீட்டரையும் கவனியுங்கள். பல ஏபிஎஸ் வண்டிகளில் வேகம் காட்டுவதற்கும் அதே சக்கர சென்சரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏபிஎஸ் விளக்கோடு வேக எண்ணும் பூஜ்யத்தில் நின்றாலோ, தாவித் தாவிக் காட்டினாலோ, சென்சர் அல்லது அதன் வயர் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிசிஎஸ் உள்ள வண்டிகளில் அந்த விளக்கும் சேர்ந்து எரியும். ஒரே சென்சரை இரண்டும் நம்பியிருப்பதால் ஒன்று கெட்டாலும் இரண்டும் புகார் செய்யும். இரண்டு விளக்கு எரிகிறது என்பதால் இரண்டு கோளாறு என்று பணம் கட்ட வேண்டியதில்லை.

சக்கரத்தின் அருகே குந்தி உட்காருங்கள்

வண்டியை அடைத்து, டிஸ்க் ஆறிய பிறகு பாருங்கள். ஓடிவந்த டிஸ்க் கையைச் சுட்டுவிடும்.

டிஸ்க்குக்கு உள்பக்கம், அச்சை ஒட்டி, சிறிய துளைகளோ பற்களோ உள்ள மெல்லிய வளையம் தெரியும். அதற்கு எதிரே விரல் நுனி அளவில் கறுப்பாக, ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டு, ஒரு வயர் மேலே போவது சென்சர். ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும் உள்ள வண்டிகள் நம் சாலையில் அதிகம். அவற்றிலும் சில வகைகளில் பின் சக்கரத்தில் ஒரு சென்சர் இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அழுக்கு. தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயம். செம்மண் சேறு காய்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். பல வகைச் சென்சர்களின் நுனியில் காந்தம் இருப்பதால் பிரேக் பேட்டிலிருந்து உதிரும் இரும்புத் தூள் மீசை போல ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பழந்துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், இவை போதும். கம்பி பிரஷ் வேண்டாம். பெட்ரோல் ஊற்றித் துடைக்க வேண்டாம். செயின் ஸ்பிரே, எண்ணெய் ஸ்பிரே எதையும் அந்தப் பக்கம் காட்டவே கூடாது; டிஸ்க்கில் ஒரு துளி பட்டால் பிரேக் பிடிக்காது. அப்புறம் ஏபிஎஸ் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

அடுத்து இடைவெளி. சென்சருக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கண்ணால் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் அந்த இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா? ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகினால் வளையம் வளைந்திருக்கிறது. டயரைக் கழற்றும்போது சக்கரத்தைத் தரையில் டிஸ்க் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு மிதிப்பவர்கள் உண்டு. அதில் வளைவது டிஸ்க் மட்டுமல்ல, இந்த வளையமும்தான். சிறு வளைவு என்றாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுவதே நல்லது. வளையத்தின் விலை பம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சென்சரை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டை மட்டான அழுத்தத்தில் முடுக்கினால் போதும், இறுக்கித் திருகினால் பிளாஸ்டிக் கூடு விரிசல் விடும்.

பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. சக்கரம் ஆடும்போதெல்லாம் இடைவெளியும் மாறும். வளைவில் சாயும்போது மட்டும் விளக்கு எரிகிறது என்பவர்கள் முதலில் பேரிங்கைச் சந்தேகப்படலாம். பேரிங் ஆடும் வண்டியை விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஓட்டக்கூடாது.

வயரும் எலியும்

சென்சரிலிருந்து போகும் வயர் முன்பக்கம் போர்க்கை ஒட்டி மேலே ஏறும். ஹேண்டல் திரும்பும் ஒவ்வொரு முறையும், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அது அசைகிறது. அதைப் பிடித்து வைக்கச் சிறு கிளிப்புகள் இருக்கும். டயர் மாற்றியவர் கிளிப்பில் செருகாமல் விட்டால் வயர் டயரிலோ டிஸ்க்கிலோ உரசி, தோல் தேய்ந்து, ஒருநாள் அறுந்துபோகும். ஹேண்டலை இடதும் வலதுமாக முழுக்கத் திருப்பி, எங்காவது இழுபடுகிறதா என்று பாருங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இரவில் வண்டி நிறுத்தும் இடத்தில் எலி இருந்தால் அது வயரைக் கடிக்கும். இருக்கைக்கு அடியிலும் முன் மூடிக்குள்ளும் எலிப் புழுக்கை தெரிந்தால் சென்சரை மாற்றும் முன் வயரை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள்.

வயர் வந்து சேரும் பிளக்கில் தண்ணீர் ஏறினால் உள்ளே பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். அழுத்தத் தண்ணீரில் கழுவியதும் எரிந்து, இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் அணைந்து, மழை வந்தால் மறுபடி எரியும் விளக்குக்குக் காரணம் அநேகமாக இதுதான். சாவியை அடைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்து, காயவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் நிலைமை வேறு. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டோடு வண்டியும் மூழ்கியவர்களுக்கு இது தெரியும். கணினிப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கக்கூடும். சாவியைத் திறந்து பார்க்காமலே பேட்டரியைக் கழற்றிவிட்டு பட்டறைக்குக் கொண்டு போவதே சரி. சோதித்துப் பார்க்கச் சாவி திறப்பதால் நனைந்த பெட்டி எரிந்துபோகலாம்.

பேட்டரியும் ஃபியூஸும்

பேட்டரி பலவீனமானால் ஏபிஎஸ்தான் முதலில் ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பம்ப் நிறைய மின்சாரம் கேட்பது. போதாது என்று தெரிந்தால் கணினிப் பெட்டி அதை நிறுத்திவிடும். காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து வண்டி கிளம்பி, அதோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், சக்கரத்தை விட்டுவிட்டுப் பேட்டரியைச் சோதியுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறி, ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.5-க்கு மேல் காட்ட வேண்டும். வண்டி ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். அதற்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏற்றும் பகுதியில் குறை. பேட்டரி முனைகள் தளர்ந்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் இதே விளைவுதான்.

ஏபிஎஸ்-க்குத் தனியாக ஃபியூஸ் உண்டு, பல வண்டிகளில் ஒன்றுக்கு மேல். பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று எழுதியிருக்கும். நடுவே உள்ள மெல்லிய பட்டை அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது. அதே ஆம்பியரில்தான் புதியது போட வேண்டும். நிறத்தைப் பார்த்தே வாங்கலாம், 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகும் பழைய வித்தையை இங்கே காட்ட வேண்டாம். ஃபியூஸ் அறுவது வயர் எரியாமல் காப்பதற்காக. புதிய ஃபியூஸும் உடனே அறுந்தால் எங்கோ வயர் உடம்பில் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் நீங்களே தேட வேண்டாம்.

டயரும் ரிம்மும்

முன், பின் சக்கரங்கள் என்ன விகிதத்தில் சுற்ற வேண்டும் என்று கணினிப் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அழகுக்காக மெல்லிய டயர் போட்டால் அந்த விகிதம் கலைந்து விளக்கு எரியலாம். காற்று மிகக் குறைந்தாலும் அப்படித்தான். வெளியே வாங்கிய ரிம்மில் வளையம் மாட்ட இடமே இல்லாமல், சென்சரைக் கட்டித் தொங்கவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு ஏபிஎஸ்-க்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி, மறுபடி பணம் கொடுத்து அதைக் கழற்றுவது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பட்டறையில் என்ன கேட்பது?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஏபிஎஸ் பெட்டி தான் கண்ட குறையை ஓர் எண்ணாக நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனரைச் செருகினால் முன் சென்சரா, பின் சென்சரா, மின்சாரம் குறைவா, பம்ப் மோட்டாரா என்று அது சொல்லிவிடும். கார் பட்டறையில் உள்ள ஸ்கேனர் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தாது. பிளக்கும் வேறு, மொழியும் வேறு. முன்கூட்டியே ஃபோன் செய்து, உங்கள் வண்டி ரகத்தைச் சொல்லி, ஏபிஎஸ் எண் படிக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனால் ஒருநாள் சம்பளம் மிச்சம்.

எண்ணைப் படித்ததும் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எண் நினைவில் கிடந்திருக்கலாம். சில வண்டிகளில் குறையைச் சரிசெய்த பிறகும் எண்ணை அழிக்கும்வரை விளக்கு அணையாது. "சென்சர் மாற்றினேன், இன்னும் எரிகிறது, அப்படியென்றால் பம்ப்தான்" என்று யாராவது சொன்னால், எண்ணை அழித்தீர்களா என்பதே உங்கள் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

முன் சென்சர் என்று எண் வந்தாலும் சென்சரே கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சரியான தகவல் வரவில்லை என்றுதான் பெட்டி சொல்கிறது. அழுக்கு, இடைவெளி, வயர், பிளக் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கும். பம்பை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். எண் காட்ட முடியாத இடத்தில் 1,800 ரிங்கிட் கொடுக்க வேண்டியதில்லை. வண்டிக்கு உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால், வேறெங்கும் பிரிக்கக் கொடுக்காமல் வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள்.

பம்ப் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. அதற்குப் பெரிய காரணம் நாம் மறந்துவிடும் பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நம்மைப் போன்ற ஈரமான நாட்டில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறிய எண்ணெய், பம்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய வால்வுகளை அரிக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 4 வகை. எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும். தேநீர் நிறத்துக்குக் கறுத்திருந்தால் இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றாலும் மாற்றுங்கள்.

சரியாகும்வரை ஓட்ட வேண்டியிருந்தால்

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி பஞ்சு போல உள்ளே போனாலோ, எண்ணெய் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, குழாயில் கசிவு தெரிந்தாலோ, அது ஏபிஎஸ் பிரச்சினை மட்டும் அல்ல. வண்டியை எடுக்கக் கூடாது.

பிரேக் உறுதியாக இருந்தால் மெதுவாக ஓட்டலாம். முன்னே போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் வழக்கமான இடைவெளியைப் போல இரு மடங்கு விடுங்கள். முன், பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் மெல்லப் பிடித்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஒரே பிடியாக இறுக்காதீர்கள். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு, சாக்கடை இரும்பு மூடி, மழை தொடங்கிய முதல் சில நிமிடத்துச் சாலை, இவைதான் ஏபிஎஸ் இல்லாத சக்கரத்தை வழுக்க வைப்பவை. பல ஆண்டு கப்சாய் ஓட்டியவர்களுக்கு இது கையில் இருக்கும் பழக்கம். ஏபிஎஸ் வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு இருக்காது. அவர்கள் வண்டியில் இந்த விளக்கு எரிந்தால் சரியாகும்வரை பேருந்தில் அனுப்புங்கள்.

தோட்டத்துக் கப்பிச் சாலையில் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். தளர்ந்த கல்லிலும் மண்ணிலும், ஏபிஎஸ் நன்றாக வேலை செய்யும் வண்டியே நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கலாம். அங்கே விளக்கு எரியாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும்.

மாமாவின் மீட்டரில் அந்த டேப் ஒட்டியிருந்த இடத்தில் பசை இன்னும் போகவில்லை. தினமும் சாவியைத் திறந்ததும் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். லயத்து முனையில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் அது அணைந்துவிடுகிறதாம். போன வாரம் பின் டயர் மாற்றப் போனபோது, சக்கரத்தைக் கழற்றிய பையனின் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.